சுமை தூக்கும் இரும்புக் கைகள்

உர லோரி வந்து ஸ்டோர் வாசலில் நிற்கும் நாள் தோட்டத்தில் நம் எல்லாருக்கும் தெரிந்த நாள்தான். 10 டன் உரம் என்றால் 50 கிலோ மூட்டையில் 200 மூட்டைகள். நான்கு பேர் இறக்கினால் ஆளுக்கு 50 மூட்டை. அதாவது ஒவ்வொருவர் முதுகின் மீதும் ஒரே காலையில் இரண்டரை டன் ஏறி இறங்குகிறது. அதோடு முடிந்ததா? அதே மூட்டைகள் ஸ்டோரிலிருந்து மறுபடி ஏறி, வெளிக்காட்டில் நிரை முனைகளில் இறங்க வேண்டும். நாற்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் தகப்பன்மார்களை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆகவே, சுமை தூக்க ஓர் எந்திரம் வருகிறது என்றால் அதை வரவேற்க வேண்டியவர்களில் முதல்வர்கள் நாம்தாம். சிறு டிராக்டர்கள் இப்பொழுது பெரிய தோட்டங்களில் மட்டுமல்லாமல், சொந்தமாகச் சில ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களிடமும், குத்தகைக்கு வேலை எடுத்துச் செய்பவர்களிடமும் காணப்படுகின்றன. 25 முதல் 40 குதிரைத்திறன் உள்ள இவ்வகை டிராக்டரின் முன்புறத்தில் லோடர் எனப்படும் இரண்டு தூக்கு கைகளைப் பொருத்தலாம். கைகளின் முனையில் மண் அள்ளும் பக்கெட் இருக்கும். அந்தப் பக்கெட்டின் இடத்தில் இரண்டு நீண்ட இரும்பு முட்களை மாட்டினால் அதுதான் போர்க். மூட்டைகளை பேலட் எனப்படும் மரத்தட்டின் மீது அடுக்கி, தட்டின் அடியில் இந்த முட்களைச் செலுத்தித் தூக்கிவிடலாம். நாற்றுப் பைகள், தண்ணீர்த் தொட்டி, பலகை, வேலிக் கம்பம் எல்லாவற்றுக்கும் இது உதவும்.

அண்ணன் தம்பிகள் இரண்டு மூன்று பேர் சேமிப்பைப் போட்டும் கடன் வாங்கியும் டிராக்டர் எடுத்துவிட்ட பிறகு, போர்க் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் தடித்த ஒரு ஜோடியைக் காட்டி, "இதை எடுங்க தம்பி, ரெண்டு டன் தாங்கும்" என்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர் சொல்வது இரும்பைப் பற்றி. டிராக்டரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைய பேச்சில் நாம் சொல்ல வந்தது முக்கியமாக இந்த ஒரு வேறுபாட்டைத்தான்.

தரமான போர்க் முள்ளின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் குத்தப்பட்டிருக்கும். 1000 பெருக்கல் 500 என்று இருந்தால், அந்த ஒரு முள், தன் செங்குத்துப் பகுதியிலிருந்து 500 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் 1000 கிலோ சுமையைத் தாங்கும் என்று பொருள். ஜோடிக்கு 2000 கிலோ. கடைக்காரரின் இரண்டு டன் அங்கிருந்துதான் வருகிறது. நாம் உற்றுக் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்ணை. சுமை எவ்வளவு என்பதைப் போலவே, சுமை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஐந்து லிட்டர் எண்ணெய்த் தோம்பில் தண்ணீர் நிரப்பி மார்போடு ஒட்டிப் பிடியுங்கள். ஒன்றும் தெரியாது. இப்போது கையை முழுக்க நீட்டிப் பிடியுங்கள். ஐம்பது எண்ணுவதற்குள் தோள் கெஞ்சும். தண்ணீர் கூடவில்லை, தூரம் கூடியது. பள்ளியில் நெம்புகோல் என்று பாடம் நடத்தும்போது பிள்ளைகளை முன்னால் அழைத்து இப்படித்தான் செய்யச் சொல்கிறோம். பாடத்தை மறந்தாலும் தோள் வலியை அவர்கள் மறப்பதில்லை.

டிராக்டரின் லோடருக்கும் இதே விதிதான். லோடரின் கையேட்டில் தூக்குத் திறன் என்று பெரும்பாலும் இரண்டு எண்கள் தரப்பட்டிருக்கும். ஒன்று, பக்கெட்டைப் பிணைக்கும் அச்சாணியின் இடத்தில் எவ்வளவு தூக்கும் என்பது. இது பெரிய எண். விளம்பரத்தில் வருவதும் இதுதான். மற்றொன்று, அச்சாணிக்கு 500 மில்லிமீட்டர் முன்னால் எவ்வளவு தூக்கும் என்பது. இது சிறிய எண். போர்க் வாங்குபவர் பெரிய எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு லோடர் அச்சாணியில் 520 கிலோவும், 500 மில்லிமீட்டர் முன்னால் 400 கிலோவும் தூக்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த 400-லிருந்து போர்க்கின் எடையையும் அது தொங்கும் சட்டத்தின் எடையையும் கழிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 110 கிலோ என்றால் மீதி 290. மரத்தட்டுக்கு 25 கிலோ. மீதி 265. இது ஐந்து உர மூட்டை. அதுவும் கழுத்து வரை வந்துவிட்ட ஐந்து. உண்மையில் சட்டத்தின் கனத்தால் சுமை அச்சாணியை விட்டு இன்னும் ஒரு சாண் தள்ளியே நிற்கும். ஆதலால் நான்கு மூட்டையோடு நிறுத்திக்கொள்வதே சரி என்பது எங்கள் கருத்து. தொழிற்சாலையிலிருந்து தட்டில் அடுக்கி வரும் 20 மூட்டை 1000 கிலோ. அதை இந்த டிராக்டர் தூக்காது. போர்க்கில் இரண்டு டன் என்று குத்தியிருந்தாலும் தூக்காது. தட்டைப் பிரித்து நாலு நாலாகத்தான் எடுத்துப் போக வேண்டும். நாலு மூட்டைதானா என்று ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அந்த 200 கிலோ எவர் முதுகிலும் ஏறவில்லை என்பதையும் பாருங்கள்.

இங்கே தடித்த இரும்பு நமக்கு என்ன கெடுதல் செய்கிறது என்பதும் தெரியவரும். 100 மில்லிமீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனம் உள்ள எஃகுப் பட்டை ஒரு மீட்டர் நீளத்துக்கே 31 கிலோவுக்கு மேல் நிறுக்கும். 80-க்கு 30 என்ற அளவுள்ள பட்டை மீட்டருக்கு ஏறக்குறைய 19 கிலோதான். கிடைப் பகுதியும் நிமிர்ந்த பகுதியுமாக ஒரு முள் சுமார் ஒன்றரை மீட்டர் வரும். இரண்டு முள்ளுக்கும் சேர்த்துப் பார்த்தால் தடித்த ஜோடிக்கும் மெலிந்த ஜோடிக்கும் இடையே 35 கிலோ அளவுக்கு வித்தியாசம். நுனி கூர்மையாகச் சீவப்பட்டிருப்பதால் கொஞ்சம் குறையலாம். அந்த 35 கிலோவை டிராக்டர் ஒவ்வொரு தடவையும் வீணாகத் தூக்குகிறது. வலுவான பொருளாக வாங்கினால் நாள்பட உழைக்கும் என்பது சட்டி, கத்தி, மண்வெட்டி வாங்கும்போது நல்ல புத்திதான். போர்க் விஷயத்தில் அது நம்மிடமிருந்து ஒரு மூட்டைக்குக் கிட்டத்தட்ட பறித்துக்கொள்கிறது. லோடர் தூக்கக்கூடியதைவிடப் போதுமான அளவு கூடுதலாகத் தாங்கும் முத்திரை இருந்தால் சரி. அதற்கு மேல் கனம் தேவையில்லை.

நீளத்தைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லிவிடுகிறோம். ஆசியாவில் 1100 மில்லிமீட்டர் சதுரத் தட்டு பெருவழக்கில் உள்ளது. 1200-க்கு 1000 தட்டும் நிறைய வருகிறது. முள், சுமையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்காவது நீண்டிருக்க வேண்டும். 1070 மில்லிமீட்டர், அதாவது 42 அங்குல முள், இந்தத் தட்டுகளுக்குப் பொருத்தம். 1220 மில்லிமீட்டர் முள் தட்டின் மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டு பின்னால் இருக்கும் மூட்டையைக் குத்திக் கிழிக்கும். சிறு டிராக்டரின் ஓட்டுநருக்கு முன்மூடி மறைப்பதால் முள்ளின் நுனி சரியாகத் தெரியாது. ஸ்டோருக்குள் மூட்டைக்குப் பின்னால் ஆள் நின்றால் அதுவும் தெரியாது. முள் நுனியில் மஞ்சளோ வெள்ளையோ சாயம் பூசி வையுங்கள். செலவு ஒரு சிறு டின் சாயம்தான்.

அடுத்தது, போர்க்கை எப்படி மாட்டுவது. மூன்று வழிகள் உண்டு.

மலிவானது, பக்கெட்டின் உதட்டிலேயே இறுக்கிப் பூட்டும் முட்கள். சட்டம் வேண்டாம், பக்கெட்டைக் கழற்ற வேண்டாம். ஐந்து நிமிட வேலை. இதை நாங்கள் அவ்வளவாக ஆதரிக்க மாட்டோம். பக்கெட்டின் எடை அப்படியே கையில் தொங்குகிறது. அதன் உதட்டுக்கும் முன்னால் முள் தொடங்குவதால் சுமை இன்னும் தூரம் போகிறது. மேலே பார்த்த கணக்கில் அந்த நாலு மூட்டை இரண்டாகிவிடும். அதோடு, முள்ளின் நுனியில் பாரம் ஏறினால் பக்கெட்டின் உதடு வளைந்துபோகும். வேலி மரமோ வெட்டிய மட்டையோ எடுக்க எப்போதாவது பயன்படுத்தலாம். உர மூட்டைக்கு வேண்டாம்.

இரண்டாவது, பக்கெட்டைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் தனிச் சட்டத்தோடு மாட்டும் போர்க். விலை கூடுதல். ஆனால் சுமை டிராக்டருக்கு அருகில் நிற்கும். விரைவுப் பூட்டு உள்ள லோடர் என்றால் மாட்டுவதும் கழற்றுவதும் சுலபம். வாங்குமுன் உங்கள் லோடரின் பூட்டு எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒன்று போலத் தோன்றும். ஒன்று மற்றொன்றில் சேராது.

மூன்றாவதைப் பலர் நினைத்தும் பார்ப்பதில்லை. டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் மூன்று இணைப்புக் கைகள் இருக்கின்றன அல்லவா? அதில் மாட்டும் போர்க்கும் கிடைக்கிறது. பல சிறு டிராக்டர்களில் பின் கைகள் முன் லோடரைவிடக் கூடுதலாகத் தூக்கும். பின் சக்கரம் பெரியது; பாரத்தைத் தாங்கவென்றே அமைந்தது. விலையும் பெரும்பாலும் குறைவு. குறை என்னவென்றால் அதிக உயரம் தூக்காது. லோரியின் மேல் ஏற்ற முடியாது. பாரம் மிகுந்தால் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பி, திருப்பினாலும் திரும்பாமல் போகும். ஆகவே முன்னால் எடைக்கட்டிகள் மாட்ட வேண்டும். ஸ்டோரிலிருந்து நிரை முனைக்கு மூட்டை கொண்டுபோவதுதான் உங்கள் வேலை, லோரியில் ஏற்றுவதில்லை என்றால், பின் போர்க்கே போதும் என்று தயங்காமல் சொல்லுவோம்.

பழைய இரும்புக் கடையில் கழித்துப்போட்ட போர்க்லிப்ட்டின் முட்கள் மலிவாகக் கிடைக்கும். நல்ல எஃகுதான். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். முள் கிடையாக வளையும் மூலையைக் குதிகால் என்போம்; தரையில் உரசி உரசி முதலில் தேய்வது அதுதான். நிமிர்ந்த பகுதி அவ்வளவாகத் தேயாது. ஆகவே நிமிர்ந்த பகுதியின் கனத்தையும் குதிகாலின் கனத்தையும் அளந்து ஒப்பிட்டால் தேய்மானம் தெரிந்துவிடும். 40 மில்லிமீட்டர் 36 ஆகியிருந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால், அந்த முள்ளை வேலையிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது முறை. பத்தில் ஒரு பங்குதானே என்று எண்ணிவிடக் கூடாது. அந்த அளவு தேய்ந்தாலே தாங்கும் திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. குதிகாலிலும், சட்டத்தில் தொங்கும் கொக்கிகளிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று எண்ணெய் துடைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு முட்களையும் மாட்டி நுனியின் உயரத்தை ஒப்பிடுங்கள். ஒரு மீட்டர் முள்ளில் 3 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தால் ஒன்று வளைந்திருக்கிறது. கொக்கிகளின் இடைவெளியும் சட்டத்தின் அளவும் பொருந்த வேண்டும். 1 டன் முதல் இரண்டரை டன் வரையிலான போர்க்லிப்ட்களுக்குரிய சட்டம் 407 மில்லிமீட்டர் உயரம், அதற்குச் சிறியது 331.

பட்டறையில் கொடுத்து, விரிசலைப் பற்றவைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த எஃகு பதமேற்றிய எஃகு. பற்றவைக்கும் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். மேலே பார்த்தால் புதியது போல இருக்கும். ஆணி கோல் இரும்பையும் மூலை இரும்பையும் வைத்துச் சொந்தமாக அடித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அதில் எந்த எண்ணும் குத்தியிருக்காது. எவ்வளவு தாங்கும் என்பது ஒடிகிற அன்றுதான் தெரியும்.

இனி, நாம் மிகவும் கவலைப்படும் பகுதிக்கு வருகிறோம்.

பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்த நம் தாய்மார்களுக்கு, முன் வாளி நிறைந்து பின் வாளி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னால் போர்க்கில் பாரம் ஏறிய டிராக்டர் அந்தக் காண்டாக் கம்புதான். முன் சக்கரம் தோள். பின்னால் எடை இல்லாவிட்டால் பின் சக்கரங்கள் இலேசாகிவிடும். அது மேலே கிளம்புவது கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. இலேசானாலே ஆபத்து தொடங்கிவிட்டது. இதற்குக் காரணங்கள் இரண்டு. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது. இலேசான சக்கரத்தில் பிரேக் மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், டிராக்டர் வழுக்கிக்கொண்டு போகும். மற்றொன்று, டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரு முளையில் ஆடுமாறு அமைந்தது. பள்ளம் மேட்டில் சக்கரம் தரையோடு ஒட்டிப் போகத்தான் அந்த ஏற்பாடு. அதனால் பக்கவாட்டில் சாயாமல் பிடித்து நிறுத்துவது பின் சக்கரங்கள் மட்டுமே. அவையும் இலேசாகிவிட்டால் ஒரு சிறு குழி, ஓரத்தில் ஒரு கான் போதும்.

ஆகவே முன் போர்க் வாங்கும் அன்றே பின்பாரமும் வாங்க வேண்டும். இல்லையென்றால் செய்ய வேண்டும். 44 கேலன் டிரம்மைப் பாதியாக வெட்டிச் சிமெண்டுக் கலவை நிரப்பினால் ஏறத்தாழ 240 கிலோ வரும். பின் இணைப்புக் கைகளில் மாட்ட உறுதியான இரும்புக் கம்பியை உள்ளே வைத்து வார்க்க வேண்டும். எவ்வளவு எடை வேண்டும் என்பது உங்கள் டிராக்டரின் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம். போர்க்குக்குப் பணம் சேர்ந்தது, பின்பாரத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம் என்பவர்களிடம், போர்க்கையும் அடுத்த மாதமே வாங்குங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஓட்டும்போது, சுமை தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயரக் கூடாது. முட்களைச் சற்றே பின்னோக்கிச் சாய்த்திருக்க வேண்டும். தூக்கியபடியே ஓட்டினால் தூரமாகத் தெரியும், ஆள்கள் மூட்டைக்குக் கீழே தெரிவார்கள் என்று சிலர் செய்கிறார்கள்; கவிழ்வதற்கு அதைவிட வேறு வழி வேண்டாம். நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில் வைத்தே சரிவில் இறங்க வேண்டும். அப்போதுதான் முன் சக்கரங்களும் தடுத்துப் பிடிக்கும். செங்குத்தான சரிவில் சுமையோடு இறங்கும்போது சுமை மேட்டுப் பக்கம் இருக்கும்படி பின்னோக்கி இறங்குங்கள். சரிவின் குறுக்கே திரும்பக் கூடாது. தலைக்கு மேல் பாதுகாப்புக் கம்பி இருக்கிற டிராக்டரில் இடுப்பு வாரைப் போட்டே ஓட்ட வேண்டும். வார் இல்லாமல் கவிழ்ந்தால், அந்தக் கம்பியே ஆளின் மேல் விழும்.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா டிராக்டரில் வருகிறார் என்று பிள்ளைகள் ஓடிப்போய் முட்களின் மேல் ஏறி நிற்பதைப் பார்க்கிறோம். ஒரு ரவுண்டு வைத்துவிட்டு இறக்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் கேட்டால் தகப்பனால் மறுக்க முடிவதில்லை; நீங்கள்தாம் மறுக்க வேண்டும். டிராக்டரை நிறுத்தியவுடன் முட்களைத் தரையில் படுக்கவைக்கச் சொல்லுங்கள். உயரத்தில் விட்டுப்போன போர்க், எண்ணெய்க் குழாய் வெடித்தால் கீழே வரும். குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. ஊசித் துளை வழியே பீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறு புள்ளிதான் தெரியும், கையையே இழக்க நேரிடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவு பார்க்க ஓர் அட்டைத் துண்டு போதும்.

சொந்த டிராக்டர் இல்லாமல், தோட்டத்தின் டிராக்டரையோ குத்தகையாளரின் டிராக்டரையோ ஓட்டும் தம்பிமார்களின் நிலை வேறு. போர்க்கைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் கையில் இல்லை. தேய்ந்த முள்ளைக் காட்டினால், "ஓட்ட முடியாவிட்டால் வேறு ஆள் இருக்கிறான்" என்று பதில் வரும் இடங்களும் உண்டு. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பாதகமாக நடத்தக் கூடாது என்று அத்திருத்தம் கூறுகிறது. வெறுமனே "பயமாக இருக்கிறது" என்று சொன்னால் எடுபடாது. குதிகாலில் 40 மில்லிமீட்டர் 35 ஆகிவிட்டது, பின்பாரம் இல்லை, பாரம் இவ்வளவு என்று அளந்து, தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள். எழுத உதவி வேண்டுமானால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையிடம் சொல்லியனுப்புங்கள். எந்தத் தோட்டத்து ஆசிரியரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

வாங்கும் நாளில் கடைக்கு ஓர் அளவு நாடாவும், லோடரின் கையேட்டில் தூக்குத் திறன் போட்டிருக்கும் பக்கமும் கொண்டுபோங்கள். சட்டத்தின் எடை எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சமதரையில், பின்பாரத்தை மாட்டி, முதலில் இரண்டு மூட்டை, பிறகு மூன்று, பிறகு நான்கு என்று வைத்து, ஒவ்வொரு தடவையும் ஓர் அடி மட்டும் தூக்கிப் பாருங்கள். எத்தனை மூட்டையோடு நிறுத்த வேண்டும் என்பதை லோடர் கையின் மேலேயே சாயத்தால் பெரிதாக எழுதிவிடுங்கள். நாளைக்கு அந்த டிராக்டரை ஓட்டப் போகிறவர் உங்கள் தம்பியாகவும் இருக்கலாம், இந்தக் கணக்கை அறியாத வேறொருவராகவும் இருக்கலாம்.